அலுமாரியின் மேல்தட்டில் ஐந்து தேயிலை

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தேத்தண்ணியில் இரண்டே வகைதான் தெரியும்: சாயம் கூடினது, சாயம் குறைஞ்சது. கூடினால் அப்பா பேசாமல் குடிப்பார். குறைந்தால் கிளாசைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அதற்குள்ளால் துறைமுகத்தில் நிற்கிற கப்பலைத் தேடுவதுபோல ஒரு கண்ணை மூடுவார். அம்மா ஒன்றும் கேட்காமல் கிளாசை வாங்கிக்கொண்டு குசினிக்குத் திரும்பிப் போவார். தேயிலை எங்கேயிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. சங்கக்கடையிலிருந்து.

பள்ளிக்கூடம் முடியுமட்டும் நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு கடைசிச் சோதனையும் எழுதி, பெறுபேறு வருமென்று பார்த்துக்கொண்டு வீட்டில் குந்தியிருந்த காலம் வந்தது. வீட்டிலிருந்த புத்தகங்கள் முடிந்து, அக்கம்பக்கத்துப் புத்தகங்களும் முடிந்து, சாமான் சுற்றி வருகிற பத்திரிகைத் துண்டுகளை நிமிர்த்தி வாசிக்கிற நிலைக்கு வந்திருந்தேன். அப்படியொரு துண்டில்தான், கொழும்பில் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பதையே உத்தியோகமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கண்டேன். கரண்டியில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிடுவார்களாம். எந்த மலை, எந்தப் பக்கத்துச் சரிவு என்று சொல்லிவிடுவார்களாம். அதற்குச் சம்பளமுமாம். அந்த இடத்தோடு துண்டு கிழிந்துபோயிருந்தது. எனக்கு அவ்வளவே போதுமாக இருந்தது.

அப்பா துறைமுகத்தில், தேயிலைப் பெட்டிகள் பார்ஜ் படகில் ஏறும்போது பக்கத்தில் நின்று கணக்கு எழுதுகிற கிளாக்கர். அந்தக் கிழமை ஒரு பெட்டி தூக்கும்போது நழுவி விழுந்து உடைந்ததாம். கொட்டினதைக் கூட்டி அள்ளி அங்கே நின்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். அப்பாவின் பங்கு ஒரு கடதாசிப் பொட்டலமாக வீட்டுக்கு வந்தது. பிரித்துப் பார்த்தேன். தூள் இல்லை. முழு இலை, கறுத்து, முறுகி, பழைய படங்களில் வருகிற பொலிஸ்காரரின் மீசை மாதிரி. அதுவரைக்கும் மணல் எப்படி மணலாகவே பிறக்கிறதோ அப்படித் தேயிலையும் தூளாகவே பிறக்கிறது என்று நினைத்திருந்தவள் நான். கொதிநீரை ஊற்றினதும் அந்த மீசைகள் மெல்ல மெல்ல அவிழ்ந்து உண்மையான இலைகளானதைக் கண்டதோடு என் நிலைமை கைமீறிப்போயிற்று.

பிறகு கண்டவர்களிடமெல்லாம் தேயிலை கேட்டேன். நுவரெலியாவில் படிப்பிக்கப் போயிருந்த என் பள்ளித் தோழிக்கு எழுதினேன்; ஒரு பொதி வந்தது. பண்டாரவளையிலிருந்து மரக்கறி ஏற்றி வருகிற லொறிக்காரர் ஒருவர், இது என்ன புதினமான பெட்டை என்று அம்மாவிடம் விசாரித்துவிட்டு, அடுத்த முறை கொண்டுவந்து தந்தார். அப்பாவோடு வேலை செய்த ஒருவர் தெற்கே காலிப் பக்கத்து ஆள். லீவில் போய் வந்தபோது அவர் ஊர்த் தேயிலை வந்தது. ஐந்தாவது, கப்பற் சமையற்காரர் ஒருவர் அப்பாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. பச்சைத் தேயிலை. மிளகு மாதிரிச் சின்னச் சின்ன உருண்டைகள். அம்மா அதைக் கண்டவுடன் எலிப்பொறியைத் தேடினார்.

தேயிலை கிடைத்தால் போதுமா, அடுக்க வேண்டாமா? பக்கத்து வளவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். அவருடைய ஆட்கள் அண்ணனை அழைக்கிறதுபோல எங்களுக்கெல்லாம் அவர் நானா. அவரிடம் போய் வெறும் டின்கள் கேட்டேன். கடைப் பின்பக்கத்தில் குவித்துக் கிடந்ததில் ஒரே அளவாக ஐந்து பொறுக்கித் தந்தார். கராம்பு வைத்திருந்தது ஒன்று, பெருஞ்சீரகம் வைத்திருந்தது ஒன்று, கோப்பித்தூள் டின் ஒன்று, வனிலா பிஸ்கட் டின் ஒன்று, இடித்த மாசிக் கருவாடு வைத்திருந்தது ஒன்று. சாம்பலும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மறுபடி தேய்த்தேன். வெளியே படமும் எழுத்துமாக ஆளுக்கொரு கோலத்தில் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் மிச்சம் கிடந்த கப்பற் பெயின்ட் இருந்தது, சாம்பல் நிறம். ஐந்துக்கும் அதையே பூசினேன். காய்ந்ததும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் சின்னதொரு கப்பற்படை.

முதற் கிழமை எந்தத் தேயிலையைக் குடித்தாலும் பெயின்ட்தான் மணந்தது. ஐந்தும் கடற்படையில் சேர்ந்துவிட்டதுபோல. பிறகு மெல்ல அது அடங்கியது. அடங்க, ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. அதுதான் என் வாழ்க்கையின் பொற்காலம்.

காலித் தேயிலையில் வறுத்த வாசம் ஒன்று வந்தது; அந்தப் பக்கத்து வெக்கையும் புழுக்கமும் இலைக்குள் இறங்கியிருக்கிறது என்று அப்பாவுக்கு விளக்கினேன். துறைமுக முழு இலை வெண்ணெய் மாதிரி மெதுமெதுவென்று இனித்தது. அது வயது முதிர்ந்த செடியின் பெருந்தன்மை. பண்டாரவளையில் ஒரு குளிர்மையான இனிப்பு; ஆடிமாதத்து வறண்ட காற்று அடித்து அப்படி ஆகிறது என்றேன். கப்பற் பச்சைத் தேயிலையில் கடல் மணந்தது. எத்தனை சமுத்திரம் தாண்டி வந்த இலை, மணக்காதா? ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நுவரெலியா. வாயில் வைத்ததும் நாக்கு நுனியில் சுருக்கென்று கடிக்கும், பிறகு மூக்கின் மேற்பகுதியெல்லாம் பரவும். அதை மலைப்பனி என்றேன். நான் மலையைக் கண்டதே இல்லை. கந்தளாய்க்கு அப்பால் போனதில்லை.

சுவைத்துப் பார்க்கிற முறையையும் விடவில்லை. சீனி கூப்பனுக்கு அளந்து வந்துகொண்டிருந்த காலம் அது. ஆளுக்குக் கொஞ்சம் உள்ளங்கையில் போட்டு, ஒரு மிடறு தேத்தண்ணி, நாக்கு நுனியால் ஒரு நக்கு என்றுதான் எல்லோரும் குடிப்பார்கள். நான் என் பங்குச் சீனியை வேண்டாம் என்றபோது அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். கரண்டியால் உறிஞ்சுகிற சத்தத்துக்குப் பக்கத்து வளவு நாய் குரைத்தது. துப்புவதற்கு வாசலில் இருந்த குரோட்டன் சாடியைத் தெரிந்தெடுத்திருந்தேன். அந்த வருடம் அது நன்றாக வளர்ந்தது.

ஐந்து டின்களும் இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த வழக்கு முழுக்க அதைப்பற்றித்தான். விறாந்தையைக் கடந்து உள்ளே வந்தால் முதலில் தெரிவது எங்கள் கண்ணாடி அலுமாரி. கீழ்த்தட்டில் அப்பாவின் கடதாசிகள், நடுத்தட்டில் அம்மாவின் எவர்சில்வர். மேல்தட்டில் முன்பு றேடியோ இருந்தது. அது அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் குடிபோனதிலிருந்து தட்டு வெறுமையாக இருந்தது. என் கப்பற்படை அங்கேதான் நங்கூரமிட்டிருந்தது.

அந்த நேரத்தில் சின்னம்மா வந்தார். அம்மாவின் தங்கச்சி. சித்தப்பா கப்பலில் வேலைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வருமட்டும் தனியே இருக்க வேண்டாம் என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டார். சின்னம்மாவோடு ஒரு பலகைப் பெட்டியும் வந்தது. பழைய தேயிலைப் பெட்டி. அதற்குள், பத்திரிகைத் தாளில் சுற்றி, வெள்ளைப் பீங்கான் செற் ஒன்று: கோப்பைகள், அடியில் வைக்கிற பீரிசுகள், தேநீர்ச் சாடி, சீனிச் சாடி, பால் சாடி. விளிம்பில் மட்டும் நீலக்கோடு. சித்தப்பா ஏதோ துறைமுகத்தில் வாங்கிக் கொடுத்தனுப்பியது. ஒரு வாய் தண்ணீர்கூட அதில் யாரும் குடித்ததில்லை. முதற்கோப்பை அவர் வந்துதான் குடிக்க வேண்டும் என்று சின்னம்மா வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி சுற்றி வைப்பார். நான் பக்கத்தில் இருந்து சுற்றின தாள்களை வாசிப்பேன்.

வந்த கிழமையே சின்னம்மாவின் கண் மேல்தட்டில் விழுந்துவிட்டது.

"கண்ணாடிக்க வைக்கிற சாமானை நான் பலகைப் பெட்டிக்க பூட்டி வைச்சிருக்கிறன். இவள் தகரத்தைக் கண்ணாடிக்க வைச்சிருக்கிறாள்," என்றார் அம்மாவிடம், எனக்குக் கேட்கத்தக்கதாக.

அம்மா இரண்டு பக்கமும் சேராமல் அரிசி களைந்தார்.

சின்னம்மாவை எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாய் மட்டும்தான் கொஞ்சம் நீளம். நான் உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டு, பிள்ளைக்குப் பல்லுக் குத்தோ என்று விசாரிப்பார். எல்லோருமாகக் கன்னியாவுக்கு வெந்நீர்க் கிணற்றில் குளிக்கப் போனபோது நடந்ததை அவர் இன்றுவரைக்கும் விடவில்லை. ஏழு கிணறு, ஏழு விதச் சூடு. பூமியே அடுப்பு மூட்டி வைத்திருக்கும்போது ஒருத்தருக்கும் அதில் தேத்தண்ணி போடத் தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். பண்டாரவளைத் தேயிலையைத் துணியில் முடிந்து கொண்டுபோனேன். இருப்பதில் சூடான கிணற்றிலிருந்து வாளியில் அள்ளி, முடிச்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். குளிக்கிற சூட்டில் தேயிலை அவியாது என்பதைப் பௌதிகம் படித்த எனக்கு அந்த வாளிதான் சொல்லித் தந்தது. தண்ணீர் துருப்பிடித்த நிறத்துக்கு வந்து அதோடு நின்றுவிட்டது. வாளிக்காக ஈரச்சீலையோடு பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். சின்னம்மா எட்டிப் பார்த்தார்.

"இதைக் குடிக்கவும் ஏலாது, குளிக்கவும் ஏலாது," என்று சொல்லிவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போனார்.

இப்படியாக மேல்தட்டு வழக்கு நாளுக்கு ஒரு கதையாக இழுபட்டுக்கொண்டிருந்தது. அதைத் தீர்த்து வைத்தவை கரப்பான்பூச்சிகள்.

டின்களில் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். எங்கள் வீட்டில் எதை ஒட்டுவதென்றாலும் அவித்த சோற்றை விரலால் மசித்துத்தான் ஒட்டுவோம். பள்ளிக்கூடக் கொப்பி உறை முதற்கொண்டு அப்படித்தான். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஐந்து டின்னும் மொட்டையாக நிற்கின்றன. கரப்பான் சோற்றையும் தின்று, கடதாசியையும் தின்று, நுவரெலியாவில் ஒரு 'நு' மட்டும் மிச்சம் விட்டிருந்தது. அதுவும் டின்னில் இல்லை, தட்டில் விழுந்து கிடந்தது.

"இனி என்ன செய்யப் போறாய்?" என்று அம்மா கேட்டார்.

"எனக்கென்ன பேர் எழுதியா வேணும்? கண்ணைக் கட்டிவிட்டாலும் குடிச்சுச் சொல்லுவன்," என்றேன்.

வாயை விட்டது அங்கேதான். சின்னம்மா குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அப்ப கட்டிப் பாப்பமே," என்றார்.

அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பரை மடித்தார். துறைமுகத்தில் எதற்கும் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர் எழுதுவார். அன்றைக்கும் அப்படியே நிபந்தனைகளைச் சொல்லவைத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் கண்ணைக் கட்டுவது. ஐந்து டின்னிலிருந்தும் ஐந்து தேத்தண்ணி. ஐந்தையும் சரியாகச் சொன்னால் மேல்தட்டு என்னுடையது; சின்னம்மா அதைப்பற்றி மூச்சும் விடக்கூடாது. ஒன்று பிழைத்தாலும் தட்டில் பீங்கான் ஏறும். என்னுடைய தேயிலை ஐந்தும் அம்மாவின் பெரிய டின்னில் சங்கக்கடைத் தூளோடு கொட்டப்படும். இதைச் சொன்னது சின்னம்மா. நுவரெலியாவைத் தூளோடு கொட்டுவதா? ஆனால் பின்வாங்கவும் முடியாது. அதோடு, என் மூக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

சின்னம்மா இன்னுமொரு நிபந்தனை போட்டார். ஞாயிறுவரைக்கும் டின்கள் அவருடைய பொறுப்பில்.

"விட்டால் இவள் விடிய விடிய மணந்து பாடமாக்கிப்போடுவாள்," என்றார்.

நானும் சம்மதித்தேன். எந்த டின்னில் என்ன என்று ஒவ்வொன்றாக மூடி திறந்து காட்டிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "ம்", "ம்" என்றார். கடைசி டின்னில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். சின்னம்மாவுக்கும் ரசனை வருகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். நுவரெலியா அடியில் ஒரு பிடிதான் மிச்சம் இருந்தது. இன்னும் அனுப்பச் சொல்லித் தோழிக்கு முதலே எழுதியிருந்தேன், பதில் வரவில்லை. பரவாயில்லை, ஒரு கோப்பைக்கு அது காணும்.

அந்தக் கிழமை முழுக்க நான் மிளகாய் தின்னவில்லை. நாக்கைப் பாதுகாத்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு வாசலில் இருந்து சோறு தின்றேன். நானா கடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன கரைச்சல் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு விஷயம் மிகவும் பிடித்துவிட்டது. ஞாயிறு பின்னேரம் கடையில் மச்சானை இருத்திவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னார். தன் டின்கள் பெரிய இடத்துக்குப் போன பெருமை அவருக்கு.

ஞாயிறு வந்தது. அப்பாவின் துவாயால் என் கண்ணைக் கட்டினார்கள். அம்மாவும் சின்னம்மாவும் குசினியில். அப்பா கதிரையில். நானாவுக்கு அம்மா ஒரு கதிரை போட்டிருந்தார். அவர் இருந்ததும் கதிரை முனகியதால் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வெளியே மூதூர் லாஞ்சிப் படகு கூவுகிற சத்தம் கேட்டது.

முதற்கோப்பை கைக்கு வந்தது. உறிஞ்சினேன். வறுத்த வாசம், புழுக்கம். "காலி," என்றேன். சரி என்றார் சின்னம்மா.

இரண்டாவதில் அந்தக் குளிர்ந்த இனிப்பு. பண்டாரவளை. சரி. மூன்றாவது வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. துறைமுக முழு இலை. அதுவும் சரி. நான்காவது கோப்பை முகத்துக்குக் கிட்ட வரும்போதே கடல் வந்துவிட்டது. குடிக்காமலே சொன்னேன். நானாவின் கதிரை மறுபடி முனகியது.

"புள்ளட மூக்கு மூக்கில்ல, கலங்கரை வெளக்கு," என்றார்.

ஐந்தாவது என்னவென்று எனக்கு முன்னமே தெரியும், மிச்சமிருந்தது ஒன்றுதானே. சின்னம்மா அதை என் கையில் வைத்தபோது மெல்லச் சொன்னார், இதில் ஆறுதலாகக் குடித்து, நல்லாக யோசித்துச் சொல்லு, அவசரமில்லை என்று. அந்தக் கனிவை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உறிஞ்சினேன். நாக்கு நுனியில் சுருக். மூக்கின் உச்சிவரைக்கும் மலைப்பனி. வெற்றி கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் சபை கூடியிருக்கிறது, சும்மா பெயரை மட்டும் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. உயரத்தில் மெதுவாக வளர்கிற இலை இப்படித்தான் கடிக்கும் என்றேன். காலைப் பனி காயுமுன்னம் கிள்ளினது என்றேன். தூள் தேயிலையைக் குடித்துக் குடித்து மரத்த நாக்குக்கு இது விளங்காது என்றும் ஒரு போடு போட்டேன்.

"சரி, என்ன தேயிலை? பேரைச் சொல்லு," என்றார் சின்னம்மா.

"நுவரெலியா."

கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு அம்மா சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. அம்மாவுக்கு அடக்கத் தெரியாது; மூக்கால் வந்துவிடும். துவாயை இழுத்துக் கழற்றினேன்.

"சங்கக்கடைத் தூள்," என்றார் சின்னம்மா. "போன கிழமை உன்ர அந்த ஒரு பிடியை அக்காவின்ர டின்னுக்க கொட்டிப்போட்டு, இதுக்க தூளைப் போட்டு மூடி வைச்சனான். அவ்வளவுதான் செய்தது. சாயம் குறைய ஊத்தினனான், நீ மலை எண்டு நினைக்கோணும் எண்டு."

நம்ப ஏலாது என்றேன். தூளில் எப்படி அந்தக் கடி வரும்? சின்னம்மா குசினிக்குள் போனார். ஐந்து டின்னையும் தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்து, நானாவுக்கு முன்னால் நின்று, ஒன்றன் மூடியைத் திறந்து நீட்டினார்.

"நானா, கண்ணை மூடிக்கொண்டு இது என்னெண்டு சொல்லுங்கோ."

நானா கண்ணை மூடினார். ஒரு முகர்வு.

"கராம்பு."

அடுத்ததை நீட்டினார்.

"பெருஞ்சீரகம்."

"இது?"

"கோப்பி. நல்ல கோப்பி." அடுத்ததற்குள் மூக்கு போனதுமே அவர் கண்ணைத் திறந்துவிட்டார். "மாசி! அக்கா, என்னத்துக்கு நம்மட கடையக் கொண்டாந்து அலுமாரிக்க வெச்சிருக்கீங்க?"

வனிலா பிஸ்கட்டுக்கு அவரிடம் போக வேண்டியிருக்கவில்லை. நானே மூடியைத் திறந்து, உள்விளிம்பு மடிந்திருக்கிற இடத்தில் மூக்கை வைத்தேன். சாம்பலும் தேசிக்காயும் எட்டாத மடிப்பு. என் முதிர்ந்த செடியின் பெருந்தன்மை முழுக்க அங்கே இருந்தது.

நினைத்துப் பார்த்தால் எல்லாம் என் முன்னாலேயே நடந்தவை. கராம்பு டின் என்று தெரிந்துதான் வாங்கினேன். தெரிந்துதான் தேய்த்தேன். ஐந்துக்கும் ஒரே பெயின்ட் பூசி, அழகாக அடுக்கி, எது எதுவாக இருந்தது என்பதை எல்லோருக்கும் முன்னம் நானே மறந்துபோனேன். மாசியைக் குடித்துவிட்டுச் சமுத்திரம் என்று சொல்லியிருக்கிறேன். அதை அப்பா தலையாட்டிக் கேட்டிருக்கிறார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் நியாயம் கேட்காமல் விடுகிற ஆள் நான் இல்லை. என் டின்னில் இருந்ததை மாற்றினது கள்ள ஆட்டம் என்றேன். அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"பிள்ளை ஐஞ்சையும் சரியாத்தான் சொன்னவள்," என்றார். "ஒரு பிழையும் இல்லை. ஆனா அவள் சொன்னது டின்னை. கேட்டது தேயிலையை."

தீர்ப்பு அவ்வளவுதான். அம்மா குசினியிலிருந்து பெரிய டின்னைக் கொண்டுவந்தார். காலி போயிற்று, பண்டாரவளை போயிற்று, என் முதற்காதலான மீசை இலைகளும் போயின. பச்சைத் தேயிலைக்கு வந்தபோது அம்மா கையை நிறுத்திவிட்டு, இதையுமோ என்று பார்த்தார். அதை வேண்டாம் என்று எல்லோருமாகச் சொன்னோம். அந்த ஒன்றில் வீடு முழுக்க ஒரே கட்சியாக நின்றது. நான் வெறும் டின்களைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு, மேல்தட்டைப் பார்க்காமல் இருந்தேன்.

சின்னம்மா அறைக்குள் போனார். பீங்கானை எடுத்துவரப் போகிறார், வெற்றி பெற்றவர்தானே என்று நினைத்தேன். பலகைப் பெட்டி மூடி திறபடுகிற சத்தம், தாள் சரசரக்கிற சத்தம். வரும்போது ஒரு கையில் தேநீர்ச் சாடி, மற்றக் கையில் ஒரு கோப்பை. சாடியின் மூடியை எடுத்து எனக்குக் காட்டினார். உள்ளே தேயிலை.

"புதன்கிழமை வந்தது, உன்ர சிநேகிதியின்ர பார்சல். நீ வாசகசாலைக்குப் போயிருந்தனீ. உன்ர தகரத்துக்க போட எனக்கு மனம் வரேல்லை. வீட்டில மணமில்லாத சாமான் இது ஒண்டுதான் கிடந்தது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா உந்தக் கூத்தைப் பாத்திருக்கலாமோ?"

அம்மா தண்ணீர் கொதிக்க வைத்தார். அந்த வெள்ளைக் கோப்பையில் சின்னம்மாதான் ஊற்றினார். ஊற்றுமுன் ஒரு கணம் கோப்பையின் நீலக்கோட்டைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார், பிறகு ஊற்றிவிட்டார். அதுவரைக்கும் நான் எவர்சில்வரிலும் தகரப் பேணியிலும்தான் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். அதன் நிறத்தையே சரியாகப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைப் பீங்கானுக்குள் அது பொன் நிறமாக, அடிவரைக்கும் தெளிந்து நின்றது. அப்பா கதிரையிலிருந்து எழும்பி வந்து பார்த்தார். நானாவும் வந்து பார்த்தார். கோப்பைக்குள் குழந்தை படுத்திருப்பதுபோல எல்லோரும் குனிந்து நின்றோம்.

சின்னம்மா கோப்பையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. முதற்கோப்பை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

"குடியெடி," என்றார். "அவர் வாறதுக்கிடையில ஆறிப்போடும்."

உறிஞ்சினேன். மென்மையாக இருந்தது. இலேசாக ஒரு துவர்ப்பு, ஏதோ பூ மாதிரி ஒன்று, பிடிக்கப் போனால் இல்லை. இதுதான் மலை. உண்மையான நுவரெலியா. நான் மாதக்கணக்காகப் பேசிப் பேசிப் புகழ்ந்த சாமான் இப்போதுதான் முதல் தடவையாக என் வாய்க்குள் வந்திருக்கிறது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி உறிஞ்சினேன். இன்னும் ஏதோ வரவேண்டும் என்று நாக்கு நுனி காத்திருந்தது.

"எப்பிடி?" என்றார் சின்னம்மா.

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கராம்பு காணாது," என்றேன்.

அன்றைக்கு அம்மாவின் சிரிப்பைத்தான் நிறுத்த முடியவில்லை.

பீங்கான் மேல்தட்டில் ஏறியது. ஆனால் என்னை இறக்கவில்லை. சீனியே கூப்பனுக்கு வரும்போது சீனிச் சாடி ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று சின்னம்மாவே ஒரு நாள் கேட்டார். லொறிக்காரர் மறுபடி கொண்டுவந்த பண்டாரவளை அதற்குள் போயிற்று. பால்மா எங்கேயும் கிடைக்காததால் பால் சாடிக்குக் காலித் தேயிலை, வாய்க்கு ஒரு பீரிசு மூடி. இந்த முறை பேர் ஒட்டவில்லை. சாம்பல் நிற டின்களை நானா கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரே மாதிரி இருப்பதால் கடைக்கு அழகாக இருக்கிறதாம். அம்மாவின் பெரிய டின் தேயிலை முடியக் கனநாள் சுணங்கியது. அதுவரைக்கும் அப்பா கிளாசைச் சன்னலுக்குப் பிடிக்கவில்லை. ஒரு முகர்வு முகர்ந்து, இன்றைக்கு வனிலாவோ கோப்பியோ என்று எனக்குச் சொல்லிவிட்டுக் குடித்தார்.

சித்தப்பா வந்தது அதற்கடுத்த வருடம், ஒரு பின்னேரம், கடிதம் போடாமல். சின்னம்மா தடுமாறிப்போனார். நுவரெலியாவைத் தேநீர்ச் சாடியிலிருந்து அவசரமாகக் கொட்டி, கழுவி, அதிலேயே தேத்தண்ணி போட்டு, மேல்தட்டிலிருந்து கோப்பையை எடுத்துத் தட்டத்தில் வைத்து, மற்றதெல்லாவற்றையும் செற்றாக அப்படியே அடுக்கிக் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா சீனிச் சாடியைத் திறந்தார். தலையைக் குனியவில்லை, அவரும் சின்னம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கரண்டி பண்டாரவளையைக் கோப்பைக்குள் போட்டுக் கலக்கினார். குடித்தார்.

நானும் அம்மாவும் குசினி வாசலில் நின்று பார்த்தோம்.

"நல்லாயிருக்கு," என்றார் சித்தப்பா, பல்லில் ஒட்டின இலையை நாக்கால் தள்ளிக்கொண்டு. "சாயந்தான் கொஞ்சம் கூட."